வார்த்தை இருக்கிறது, ராகம் எங்கே?



சங்கீதப் புத்தகத்தை வாசிக்கும்போது நம்மில் பலர் தலைப்புகளைக் கடந்து நேரே முதல் வசனத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் 150 சங்கீதங்களில் 55 சங்கீதங்களின் தலைப்பு இராகத்தலைவனைக் குறிப்பிடுகிறது. சில தலைப்புகள் இன்னும் ஒரு படி போய், எந்த மெட்டில் பாட வேண்டும் என்பதையும் சொல்வதாகத் தோன்றுகிறது. 22ஆம் சங்கீதத்தின் தலைப்பில் உள்ள எபிரெயச் சொற்களுக்கு விடியற்காலத்துப் பெண்மான் என்று பொருள். 57, 58, 59, 75 ஆகிய நான்கு சங்கீதங்களின் தலைப்பில் உள்ள சொற்களுக்கு அழித்துவிடாதே என்று பொருள். இவை அந்நாளில் எல்லாரும் அறிந்திருந்த பாட்டுகளின் பெயர்கள் என்றும், அவற்றின் மெட்டில் இந்தச் சங்கீதங்கள் பாடப்பட்டன என்றும் வேத அறிஞர் பலர் கருதுகிறார்கள். அந்த மெட்டுகள் இன்று எவருக்கும் தெரியாது. அழித்துவிடாதே என்னும் பெயர் மூவாயிரம் ஆண்டுத் தூரத்தைக் கடந்து நம்மிடம் வந்திருக்கிறது. அந்தப் பெயருக்குரிய மெட்டு வழியிலேயே அழிந்துபோயிற்று.

எழுதப்பட்ட வார்த்தை நிலைத்தது. பாடிய தலைமுறை முடிந்தபோது பாட்டின் ஓசையும் முடிந்தது. இந்த வாரச் சிந்தனையில் கணினி மென்பொருளைப் பற்றி எழுதப் போகிறேன். ஒரு போதகருக்கு இது எதற்கு என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஆகையால்தான் சங்கீதத் தலைப்பிலிருந்து தொடங்கினேன்.

நம்முடைய தமிழ்க் கீர்த்தனைகளும் ஏறத்தாழ அதே நிலையில் இருக்கின்றன. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1774இல் பிறந்து 1864இல் மறைந்தவர். அவர் காலந்தொட்டு நம் முன்னோர் இயற்றிய கீர்த்தனைகளின் சொற்கள் அச்சில் பத்திரமாக இருக்கின்றன. மேலே ராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் இருக்கின்றன. அதற்குமேல் அந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. ராகத்தின் பெயர் மெட்டாகிவிடாது. ஒரே ராகத்தில் நூறு மெட்டுகள் அமைக்கலாம். அதுவுமன்றி, புத்தகத்தில் ஒரு ராகம் அச்சாகியிருக்க, சபையார் வேறொரு மெட்டில் பாடிவருவதும் நாம் அறிந்ததே. பக்கத்து ஊரில் அதே கீர்த்தனையின் சரணம் வேறு விதமாகத் திரும்பும். இந்த வேறுபாடுகள் குறைகள் அல்ல. அந்தந்த ஊரின் ஜெபமும் கண்ணீரும் படிந்த தடங்கள் அவை.

எங்கள் சேகரத்தில் இந்தத் தடங்கள் பெரும்பாலும் ஒரே ஒருவருடைய விரல்களில் இருந்தன. அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வயது 78. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆலயத்தில் வாசித்து வருகிறவர். முதலில் காலால் மிதிக்கும் ஹார்மோனியம், பிறகு கீபோர்டு, இப்போது டிஜிட்டல் பியானோ. அறுப்பின் பண்டிகையில் நாங்கள் பாடும் கீர்த்தனையின் மெட்டு அவருடைய தகப்பனாரிடமிருந்து அவருக்கு வந்தது. அடக்க ஆராதனையில் பாடும் ஒரு மெட்டை அவர் வாசித்தே நான் முதன்முதலாகக் கேட்டேன். இரண்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கடந்த ஆண்டு முதல் அவருடைய வலது கையின் இரண்டு விரல்கள் காலை வேளையில் மடங்க மறுக்கின்றன.

ஆகவே அவருடைய வாசிப்பைப் பதிவு செய்து, திருத்தி, இசைத்தாளாக அச்சிடுவது என்று சேகரக் கமிட்டியில் தீர்மானித்தோம். எந்த மென்பொருளை வாங்குவது என்பதே அடுத்த கேள்வி. அந்தக் கூட்டத்தில் ஒரு சகோதரர் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார்: "ஐயா, எல்லாப் பாட்டையும் ஒரு பென்டிரைவில் ஏற்றிவிட்டால் போதுமே. ஞாயிற்றுக்கிழமை பட்டனை அழுத்தினால் பியானோ தானாக வாசிக்கும். நாளைக்கு சாருக்கு முடியாமல் போனாலும் ஆராதனை நிற்காது."

அவர் சொன்னது தொழில்நுட்பப்படி முற்றிலும் சரி. இன்றைய டிஜிட்டல் பியானோக்கள் பல அதைச் செய்யும். ஆனால் பெரியவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கூட்டம் முடிந்து வெளியே வருகையில் என்னிடம், "ஐயா, நான் போனதற்குப் பிறகும் என் கை மட்டும் இங்கே வாசித்துக்கொண்டிருக்க வேண்டுமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எங்கள் தேடலின் திசையையே தீர்மானித்தது. மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன், பதிவு எதற்கு என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வாசிக்கிறவர் இனித் தேவையில்லை என்று ஆக்குவதற்கா? அல்லது இன்னொருவர் வாசிக்கக் கற்றுக்கொள்வதற்கா? முதலாவது நோக்கத்துக்குப் பென்டிரைவு போதும். இரண்டாவது நோக்கத்துக்கு இசைத்தாள் வேண்டும்.

இதே பணியைத் தொடங்க விரும்பும் சபைகளுக்கு உதவும் என்பதால், நாங்கள் கற்றுக்கொண்டவற்றைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஒரே மென்பொருள் எல்லாவற்றையும் செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இங்கே மூன்று வேலைகள் இருக்கின்றன. ஒலியைப் பதிவு செய்வது ஒன்று; விரல்களின் அசைவைப் பதிவு செய்வது ஒன்று; நொட்டேஷன் எழுதி அச்சிடுவது ஒன்று.

ஒலிப்பதிவு ஒரு புகைப்படத்தைப் போன்றது. காதில் விழுந்தது அப்படியே பதிவாகும். மின்விசிறியின் இரைச்சலும் வெளியே போகும் பேருந்தின் ஹாரனும் சேர்ந்தே பதிவாகும். இதற்கு ஒடாசிட்டி என்னும் இலவச மென்பொருள் போதுமானது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்து இன்றுவரை வளர்ந்து வருகிறது. குறுந்தகட்டின் தரத்தில், சுருக்காமல் பதிவு செய்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. இடம் பிடிக்கும்.

விரல்களின் அசைவைப் பதிவு செய்வது மிடி என்னும் முறை. வெவ்வேறு நிறுவனங்களின் இசைக்கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு பொது மொழியாக 1983இல் இது அறிமுகமானது. இதில் ஓசையே கிடையாது. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எந்த நொடியில், எவ்வளவு வேகத்தில், எப்போது விடப்பட்டது, மிதி எப்போது அழுத்தப்பட்டது என்ற விவரங்கள் மட்டும் எண்களாகப் பதிவாகும். பியானோவின் நடு 'சி' சுரத்துக்கு 60 என்று எண். அழுத்தத்தின் வேகம் 1 முதல் 127 வரை. ஒரு முழுக் கீர்த்தனையும் சில கிலோபைட்டுகளில் அடங்கிவிடும். பியானோவின் பின்புறம் 'யூ.எஸ்.பி. டு ஹோஸ்ட்' என்று எழுதியிருக்கும் துளையிலிருந்து கணினிக்கு ஒரு கம்பி போட்டால் போதும். தவறிப்போன ஒரு சுரத்தை மட்டும் பிறகு திருத்தலாம். ஒலிப்பதிவில் அது எளிதல்ல. மிடியைத் திருத்த ரீப்பர் என்னும் மென்பொருளை எடுத்துக்கொண்டோம். 60 நாள் சோதித்துப் பார்த்துவிட்டுப் பணம் செலுத்தலாம்.

இங்கேதான் முதல் தடை வந்தது. மிடிப் பதிவை அப்படியே நொட்டேஷனாக மாற்றும்படி கணினியிடம் கேட்டபோது, திரையில் வந்த தாளை யாராலும் வாசிக்க முடியவில்லை. பெரியவர் ஓர் அடியின் கடைசியில் சபையார் மூச்செடுக்கட்டும் என்று சற்றே தாமதிப்பார். அந்தத் தாமதத்தைக் கணினி முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அறுபத்துநான்கில் ஒரு பங்கு என்று நுணுக்கமான ஓய்வுக் குறிகளாக எழுதிவைத்தது. மேலும் அந்தக் கீர்த்தனை மிச்ர சாபு, ஏழு எண்ணிக்கை. கணினியோ நாமாகச் சொல்லாதவரை எல்லாவற்றையும் நான்கு நான்காக வெட்டியது.

இதற்கு 'குவான்டைஸ்' என்று ஒரு வசதி உண்டு. முன்பின்னாக விழுந்த சுரங்களையெல்லாம் தாளக் கட்டத்துக்குள் நேராக இழுத்து நிறுத்தும். அதைப் போட்டதும் தாள் அழகாகிவிட்டது. ஆனால் அந்தப் பதிவை வாசிக்கவிட்டுக் கேட்டபோது பெரியவர் சிரித்தார். "தப்பே இல்லை ஐயா. ஆனால் இப்படி வாசித்தால் பின்பெஞ்சுப் பாட்டிமார் எப்படி மூச்சு விடுவார்கள்?" என்றார்.

அவருடைய தாமதம் பிழை அல்ல. அது அன்பு. ஐம்பது ஆண்டுகளாகத் தமக்குப் பின்னால் பாடுகிறவர்களின் மூச்சைக் கேட்டுக்கேட்டு அவர் கற்றுக்கொண்டது. திருத்துகிற கருவிக்கு எது பிழை, எது அன்பு என்று தெரியாது. அதைப் பிரித்தறியும் பொறுப்பு நம்முடையது. எனவே அவருடைய மூல வாசிப்பைத் திருத்தாமல் ஒரு கோப்பாக வைத்தோம். நொட்டேஷனை மட்டும், அந்தப் பதிவைக் கேட்டுக்கேட்டு, ஒவ்வொரு சுரமாகக் கையால் உள்ளிட்டோம். கணினி தானாக எழுதிய தாளைச் சுத்தம் செய்வதைவிட இதற்குக் குறைந்த நேரமே பிடித்தது. அவர் தாமதிக்கும் இடங்களில் மூச்சுக் குறியையும் நிறுத்தக் குறியையும் இட்டோம்.

அடுத்தது, அச்சிடுவதற்கான மென்பொருள். இசைத்தாள் பதிப்பாளர்கள் பயன்படுத்தும் சிபேலியஸ், டோரிகோ ஆகியவற்றைப் பற்றி விசாரித்தோம். இரண்டும் சிறந்தவை, பெரிய இசைக்குழுவுக்கு எழுதுகிறவர்களுக்குத் தகுந்தவை. அவற்றில் ஒன்றைப் பணம் கொடுக்காமல் பூட்டுடைத்த பிரதியாகக் கொண்டுவர முடியும் என்று ஒரு தம்பி சொன்னார். ஆலயத்தில் பாடும் பாட்டைத் திருட்டுக் கருவியால் அச்சிடுவது முறையல்ல என்று சொன்னேன். அவரும் ஏற்றுக்கொண்டார், பிறகு இந்த வேலையில் அதிகமாக உழைத்தவரும் அவரே.

ஆனால் விலையைவிட வேறொரு காரணம் எங்களை அதிகமாகச் சிந்திக்க வைத்தது. 1988இல் வெளிவந்த ஃபினாலே என்னும் மென்பொருள் நொட்டேஷன் உலகில் பெரும்பெயர் பெற்றது. 2024 ஆகஸ்ட் மாதத்தில் அதன் நிறுவனம், இனி இதை வளர்க்கப் போவதில்லை என்று அறிவித்தது. பல ஆண்டுகளின் உழைப்பை அதன் கோப்புகளில் சேமித்திருந்தவர்கள் வேறு மென்பொருளுக்கு மாற வேண்டியதாயிற்று. கைகொடுத்தது மியூசிக் எக்ஸ்.எம்.எல். என்னும் பொது வடிவம். 2004இல் வெளிவந்த இந்த வடிவம் எந்த ஒரு நிறுவனத்தின் மென்பொருளுக்குள்ளும் பூட்டப்பட்டதல்ல. ஒரு மென்பொருளில் எழுதியதை இன்னொன்றில் திறக்க உதவுகிறது. சிறு சிறு அமைப்புகள் மாறிப்போகலாம். சுரங்களும் சொற்களும் தப்பிப் பிழைக்கும்.

ஆகவே நாங்கள் கேட்ட கேள்வி இதுவே: இந்த மென்பொருள் நின்றுபோனாலும் எங்கள் பாட்டு நிற்குமா? நாங்கள் தேர்ந்தெடுத்தது மியூஸ்ஸ்கோர். அது இலவசம், அதன் மூல நிரலும் யாவருக்கும் திறந்திருக்கிறது, மியூசிக் எக்ஸ்.எம்.எல்., மிடி, பி.டி.எஃப். ஆகிய மூன்று வடிவிலும் கோப்பை வெளியே எடுக்கலாம். ஆரம்பத்தில் பழகச் சில வாரங்கள் ஆகும். நாற்பது பக்க இசைக்கோவை எழுதுகிறவருக்கு இது சிறந்த தேர்வா என்பது வேறு விஷயம். இரண்டு பக்கக் கீர்த்தனைக்கு இது தாராளமாகப் போதும்.

தமிழ்ப் பாடல் வரிகளை இடும்போது சில கவனங்கள் வேண்டும். யூனிக்கோடு எழுத்துருவையே பயன்படுத்துங்கள்; பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை வேறு கணினியில் குழம்பிவிடும். சுரத்துக்குக் கீழே சொல்லை அசையசையாகப் பிரிக்கையில், ஒற்றெழுத்தை அதற்கு முந்திய எழுத்தோடு சேர்த்தே வையுங்கள். 'ஆண்டவர்' என்பதை ஆண்-ட-வர் என்றே பிரிக்க வேண்டும். ஐந்து கோடுகளின் மொத்த உயரம் மியூஸ்ஸ்கோரில் வழக்கமாக 7 மில்லிமீட்டர். எங்கள் பாடகர் குழுவில் கண்ணாடி அணிந்தவர்களே அதிகம் என்பதால் அதை 8 ஆக்கினோம். ஒரு மில்லிமீட்டர்தான், ஆனால் ஆல்டோ வரிசையில் உள்ள அம்மா ஒருவர், பல ஆண்டுகளுக்குப் பிறகு பக்கத்திலிருப்பவரைப் பார்க்காமல் தம் தாளையே பார்த்துப் பாடினார். சுருதி அதிகமாக இருந்தால் முழுப் பாட்டையும் இரண்டு அரைச்சுரம் இறக்குவது ஒரு நொடி வேலை.

நொட்டேஷனில் அடங்காதவையும் உண்டு. இதை மறைக்க வேண்டியதில்லை. நம் ராகங்களின் கமகம் இரண்டு கட்டைகளுக்கு நடுவே அசைகிறது. பியானோவில் நடுவே ஒன்றும் இல்லை. பெரியவர் அங்கே இரண்டு சுரங்களை விரைவாகத் தொட்டு அந்த அசைவை உணர்த்துவார். அதைச் சிறு சுரங்களாக எழுதினோம். ஆனால் அந்த இடம் உண்மையில் எப்படிப் பாடப்படுகிறது என்பது சபையிலுள்ள மூதாட்டிகளின் தொண்டையில்தான் இருக்கிறது. எனவே அவர்களில் நால்வரை ஆலயத்துக்கு அழைத்து, வாத்தியம் இல்லாமல் பாடச் சொல்லி ஒலிப்பதிவு செய்தோம். தாளும் பதிவும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் தம் இசை ஆராய்ச்சியைக் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலாக 1917இல் வெளியிட்டார். அந்த மருத்துவர் நம் இசையை எழுத்தில் நிறுத்த அவ்வளவு பாடுபட்டாரென்றால், இவ்வளவு எளிய கருவிகள் கையில் இருக்கும் நாம் சும்மா இருப்பது தகுமா?

இன்னும் ஓர் எச்சரிக்கை. இந்தியச் சட்டப்படி ஓர் இசைப்படைப்பின் உரிமை அதை இயற்றியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கிறது. பழைய கீர்த்தனைகளுக்குத் தடையில்லை. இன்றைய பாடலாசிரியர்களின் பாட்டை அச்சிட்டு விநியோகிக்கும் முன் அவர்களிடம் அனுமதி கேளுங்கள். உழைத்தவனுக்குரியதைக் கொடுப்பதும் ஆராதனையின் ஒரு பகுதிதான்.

இதுவரை பதினொரு கீர்த்தனைகள் முடிந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மூல மிடி, ஒலிப்பதிவு, மியூசிக் எக்ஸ்.எம்.எல்., பி.டி.எஃப். என நான்கு கோப்புகள். அவற்றை இரண்டு தனித்தனி இடங்களில் சேமித்திருக்கிறோம். காகிதத்தில் அச்சிட்ட ஒரு பிரதி ஆலயத்தின் உடைமாற்றும் அறையில், ஞானஸ்நானப் பதிவேட்டின் பக்கத்தில் இருக்கிறது. மின்சாரமும் கணினியும் இல்லாத நாளிலும் அதைத் திறக்கலாம்.

பென்டிரைவை இதுவரை ஆராதனையில் போடவில்லை. அந்தத் தாள்களை வைத்து எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமி பெரியவரிடம் கற்று வருகிறாள். அவள் தடுமாறுகிறாள். அவள் தடுமாறும்போது சபையும் கொஞ்சம் தடுமாறுகிறது. சிலர் என்னிடம் வந்து, "ஐயா, பதிவையே போட்டுவிடலாமே" என்கிறார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பதிவு ஒருபோதும் தடுமாறாது. ஆனால் அது பின்பெஞ்சில் யார் மூச்சு வாங்குகிறார்கள் என்று கேட்கவும் செய்யாது. அந்தப் பிள்ளை ஒருநாள் கேட்பாள். அண்மையில் ஒரு சரணத்தின் முடிவில் அவள் பெரியவரைவிடச் சற்று அதிகமாகத் தாமதித்தாள். திருத்துவார் என்று எதிர்பார்த்தேன். "இருக்கட்டும்மா, உனக்கு அப்படி வருகிறது" என்று மட்டும் சொன்னார்.

பிரியமானவர்களே, உங்கள் சபையிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர் ஆர்கன் வாசிக்கிறவராக இருக்கலாம். மார்கழிப் பஜனையில் முதலடி எடுத்துக் கொடுக்கும் தாயாராக இருக்கலாம். எந்த மென்பொருள் சிறந்தது என்று முடிவாகும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரம் அவர் வீட்டுக்குப் போங்கள். கைப்பேசியில் ஒரே ஒரு பாட்டைப் பதிவு செய்யுங்கள். பாட்டின் பெயரையும், பாடியவர் பெயரையும், ஊரையும், தேதியையும் அந்தப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவையுங்கள். யாரிடம் கற்றார் என்றும் கேளுங்கள். திருத்துவதும் எழுதுவதும் அச்சிடுவதும் அடுத்த மாதம் நடக்கலாம். அடுத்த ஆண்டும் நடக்கலாம். அந்தக் குரல் மட்டும் அதுவரை காத்திராது.

கர்த்தர் உங்கள் வாயில் வைத்த பாட்டை, உங்களுக்குப் பின் வருகிறவர்களும் பாடும்படி அவர் காப்பாராக.

ஜெபத்துடன்,
உங்கள் போதகர்